பாதி விலைக்கு ஒரு நரம்பு

நரம்புக்கும் விலை உண்டு. திருவண்ணாமலையில் என் ஆஸ்பத்திரியில் அது நாற்பத்தைந்தாயிரம். அறை வாடகை தனி. இதை நான் ஒளித்ததில்லை. வரவேற்பறையில் விலை அட்டையே மாட்டியிருந்தேன்.

விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் மஸ்தான் பாயைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கடியில் கைகோத்து, விரலைப் பிடித்தே விலை பேசுகிறவர். எந்த விரல், எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம் என்பதுதான் பேச்சு; வாய்க்கு அங்கே வேலையில்லை. அவர் குடும்பத்தின் சோறு அந்த வலது கையில் இருந்தது.

அந்தக் கையில், முழங்கைக்கு மேலே உள்பக்கம், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. பக்கவாட்டில் தள்ளினால் நகர்ந்தது. மேலும் கீழும் அசையவில்லை. தட்டிப் பார்த்தேன்.

“யப்பா, கரண்ட் அடிக்குது தம்பி. கட்டவிரல் வரைக்கும் ஓடுது.”

அப்போதே தெரிந்துவிட்டது, நரம்பின் உறையில் வளர்ந்த கட்டி. ஸ்கேனும் அதையே சொன்னது. கட்டியின் இரு முனையிலும் நரம்பு வால்போல நீண்டிருந்தது.

“கேன்சரா டாக்டர்?” என்றார் அவர் மனைவி அஜ்மத் பேகம்.

“இல்லம்மா. சாதாக் கட்டி. பயப்பட ஒண்ணுமில்ல.”

“அப்போ விலைய கம்மி பண்ணுங்க” என்றார் பாய்.

சிரித்துவிட்டேன். நானும் மணிலாக்கொட்டை மண்டிக்காரர் மகன்தான், வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன். கையை நீட்டினேன். தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போட்டார். துண்டு விலகியபோது பதினெட்டாயிரத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். எப்படி என்று இன்றைக்கும் தெரியாது.

“டாக்டருக்குப் படிச்சிங்க சரி. தரகு படிக்கலியே தம்பி” என்று முதுகில் தட்டினார். நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை.

விலையைக் குறைத்துக் கேட்பவரை என் அப்பா திருப்பி அனுப்பமாட்டார். குறைத்த அளவுக்கு மூட்டையில் கல் சேர்ப்பார். கோபமில்லாமல் சேர்ப்பார்.

கையைத் திறந்தேன். நரம்பிழைகள் கட்டியின் மேல் மெல்லிசாக விரிந்து கிடந்தன. அவற்றை ஒதுக்கி, உறையைக் கீறினால், கட்டியை மட்டும் பருப்பு உரிப்பதுபோல் எடுத்துவிடலாம், நரம்பு பிழைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் பிடிக்கும். இருபது பேருக்காவது அப்படிச் செய்திருக்கிறேன், முழு விலைக்கு.

பாய்க்கு, கட்டிக்கு மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. நரம்போடு சேர்த்து எடுத்துவிட்டேன். நாற்பது நிமிடம். ‘நரம்போடு பின்னியிருந்தது, பிரிக்க இயலவில்லை’ என்று கோப்பில் எழுதினேன். அந்த வரி மட்டும்தான் பொய்; மற்றதெல்லாம் சரியாக இருக்கும், பாருங்கள்.

தையல் பிரிக்க வந்த அன்று அஜ்மத் பேகம் கேட்டார்: “விரலெல்லாம் மரத்துக் கெடக்குது. எப்போ சரியாவும்?”

“ஒரு வருஷம் பொறுங்கம்மா.”

உடனே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் காலிலிருந்து நரம்பெடுத்து ஒட்டுப்போட்டிருப்பார்கள். ஒரு வருடம் கழித்துப் போனால் பயனில்லை. அதனால்தான் ஒரு வருடம் என்றேன்.

“மரத்தெல்லாம் போவல. அவ கெடக்குறா, பயந்தாங்கொள்ளி” என்று பாய் இடது கையால் துண்டை விரித்து வலது கையை மூடினார். “புடிங்க தம்பி, சொல்றேன்.”

ஆள்காட்டி விரலைப் பிடித்தேன்.

“வெக்கப்படாம புடிங்க.”

நகத்தால் அழுத்தினேன். நடுவிரலுக்குப் போய் அங்கேயும் அழுத்தினேன். சிரித்த முகத்தோடு காத்திருந்தார். சுண்டுவிரலைத் தொட்டதும், “ஆங், இப்பதான் புடிக்கிறீங்க” என்றார். அஜ்மத் பேகம் துண்டின் அசைவையே பார்த்துக்கொண்டிருந்தவர், முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பாய்க்கு நஷ்டம் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் முழுசாக எழுதுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி. இவை போயின. மோதிரவிரலில் மறுபாதியும் சுண்டுவிரலும் அவரிடமே இருக்கின்றன. ஆக, ஒன்றரை விரல். கொடுத்த காசுக்கு அது ஜாஸ்தி.