படம் முடிஞ்சப்பறம் வந்த படம்

அந்தப் படம் புடிக்கிற மெஷினக் கொஞ்சம் செவத்துப் பக்கம் திருப்பி வைங்க தம்பி. ஓடலைன்னு சொல்றீங்க, சரி, ஓடலைன்னாலும் அது என்னையே பாத்துக்கிட்டு இருக்குலா. பேசமாட்டேன்னு நான் சொல்லல. பேசி முடிச்சப்பறம் எடுக்கிறதா வேணாமான்னு பாப்போம். ராவாங்லருந்து ரெண்டு பஸ்சு மாறி வந்திருக்கீங்க, மொதல்ல கோப்பியக் குடிங்க. சீனி பத்தலைன்னா சொல்லுங்க.

இப்ப இவ்வளவு சின்னதா வந்துருச்சா? வீடியோ கடை வாசு வச்சிருந்தது பெருசு. தோள்ல ஒண்ணு, இடுப்புல பொட்டி ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல ஒயரு. அத மாட்டிக்கிட்டு அவன் நடக்கிறதப் பாத்து, நீயும் களை மருந்தடிக்க வந்துட்டியாடான்னு கேட்டு நாங்க சிரிப்போம்.

மத்தவங்கல்லாம் என்ன சொன்னாங்க? நாலு வருசத்துக்கு முந்தி இந்த ஏழாங்கட்டத் தோட்டத்துலருந்து ஆறு குடும்பத்த வெளிய தள்ளுனாங்களே, அந்தக் கதையத்தான எடுக்கிறீங்க. காளியண்ணனப் பாத்துட்டீங்களா? பேசுனாரா? வாசுதான் காட்டிக் குடுத்தான்னு சொன்னாரா. இந்த மெஷின்லயேவா? அன்னம்மாவும் அதையேதானா. ம். அவங்களுக்குத் தெரிஞ்சது அதான், அதச் சொல்றாங்க. நவமணி? பேசலையா. அழுதாளா. அதையும் எடுத்திருப்பீங்களே.

கோவிச்சுக்காதீங்க தம்பி. நான் இப்படித்தான் பேசுவேன். உங்கள மாதிரி படிச்ச பிள்ளைங்க எத்தனையோ பேரு வந்தாச்சு. நாங்க அழுவுறத எடுப்பீங்க, ஒழுவுற கூரைய எடுப்பீங்க. கோலாலம்பூர்ல ஒரு ரூம்புல போட்டுக் காட்டுவீங்க. அங்க உள்ளவங்க உச்சுக் கொட்டுவாங்க, ரெண்டு பேரு எந்திரிச்சுப் பேசுவாங்க, அப்பறம் காடி ஏறி வீட்டுக்குப் போயிருவாங்க. நாங்க மறுநா காலைல அஞ்சர மணிக்குப் பெரட்டுல போயி நிக்கணும். பேரு கூப்புட்டா ஆஜர்னு சொல்லணும். உங்க படத்துக்கும் பெரட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்க நாங்கதான். அது எந்தப் படத்துலயும் வராது.

வாசு அப்படி இல்ல. அதச் சொல்லிரணும். அவன் அம்மா இந்தத் தோட்டத்துல கித்தா மரத்துல ரப்பர் பாலு வெட்டுனவங்க. அவன் கோலசிலாங்கூரு டவுன்ல, பஸ்சு நிக்கிற எடத்துக்கிட்ட வீடியோ கடை வச்சிருந்தான். சினிமா கேசட்டு வாடகைக்கு விடுவான், கல்யாணம் காதுகுத்துன்னா படம் எடுப்பான். அன்னம்மா மக கல்யாணத்த அவன்தான் எடுத்தான். பொண்ணு மாப்பிள்ளைக்கு நாங்க மூணு பேரு ஆலாத்தி சுத்துனோம். தட்டக் கிட்டக்கக் காட்டியிருக்கான். கடைல போயி அதப் போட்டுப் பாத்தா, தட்டப் புடிச்ச கையில பாதி நகம் இல்ல. ஒரு கையில ரெண்டு இல்ல, ஒரு கையில நாலு இல்ல. இருந்த நகமும் கறுத்துப் போயிக் கெடக்கு. மறுநாளே மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு வந்துட்டான். அக்கா, உங்க கையெல்லாம் என்னக்கா ஆச்சுன்னான்.

என்ன ஆகும்? கித்தாவ வெட்டித் தள்ளிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டாங்க. பொம்பளைங்கள எல்லாம் களை மருந்தடிக்கப் போட்டாங்க. பம்ப முதுகுல மாட்டுனா மருந்து ஒழுகி இடுப்பு வரைக்கும் நனையும். கையுறை கேட்டா அடுத்த மாசம்னுவாங்க. மூக்குல ரத்தம் வருதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, டிரசரு ரெண்டு மாத்திரையக் குடுத்து ஒடம்புச் சூடும்மா, மோரு குடின்னுவாரு. நவமணிக்கு ரெண்டு பிள்ளை வயித்துலயே தங்காமப் போச்சு. அதுக்கும் சூடுதான். நாங்களும் நம்புனோம். வாசுதான், இது சூடு இல்லக்கா, மருந்துக்கான்னு சொன்னான்.

படம் எடுப்போம்னான். எங்களுக்கு பயம். தொரைக்குத் தெரிஞ்சா அன்னைக்கே மூட்டை கட்டணும்லா. அதுக்கு அவன் ஒரு வழி சொன்னான். மொகத்த எடுக்கமாட்டேன்க்கா, முதுகும் கையும் மட்டும் எடுக்கிறேன், பேசுறது மட்டும் கேக்கட்டும்னான். நாங்க ஏழு பேரு சரின்னோம். எங்கள மேய்க்கிற மண்டோரு தேத்தண்ணி குடிக்கப் போற நேரமாப் பாத்து, நாங்க மருந்தடிக்கிற தீம்பாருக்குள்ள வந்து எடுத்தான். மூணு நாளு. ஒருத்தி மொகம்கூட விழாமப் பாத்துப் பாத்து எடுத்தான். எல்லாம் சேத்து பன்னண்டு நிமிசம்.

அத எப்படி ஊரு ஊரா அனுப்புனான்னு தெரியுமா? சினிமா கேசட்டுல படம் முடிஞ்சப்பறம் கொஞ்சம் எடம் காலியா இருக்கும்ல, அதுல ஏத்திருவான். பத்தாங்பெர்ஜுந்தை, கோலகுபு, ராவாங், எல்லாப் பக்கமும் அவனுக்கு வீடியோ கடைக்காரன் சிநேகம். சனம் சண்டைப் படம் பாத்து விசிலடிச்சிட்டு எந்திரிக்கப் போறப்ப எங்க கை வரும். அப்படியே உக்காந்துருவாங்களாம். கோலகுபுப் பக்கம் ஒரு தோட்டத்துல அதப் பாத்துட்டு நாப்பது பொம்பளைங்க மருந்தடிக்க மாட்டோம்னு பெரட்டுல பம்ப எறக்கி வச்சிட்டாங்க. அங்க கையுறை வந்துச்சு தம்பி. எங்களுக்குத்தான் வரல.

எங்க தோட்டத்துக்கு மட்டும் அந்தப் படம் வரக்கூடாதுன்னு வாசு கண்டிசனாச் சொல்லிட்டான். நல்லதுக்குத்தான் சொன்னான். ஆனா எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? எங்களத் தவிர ஊரே எங்களப் பாக்குது. என் சித்தி மக பத்தாங்பெர்ஜுந்தைலருந்து வந்து, ஐயோ அக்கா, ஒரு கையக் காட்டுனாங்க, நான் அழுதுட்டேன்னு என்கிட்டயே சொல்றா. அது எங்க கைடின்னு சொல்ல முடியல. நாங்க டிவில யாரப் பாத்திருக்கோம்? மந்திரியப் பாத்திருக்கோம், நடிகையப் பாத்திருக்கோம். எங்கள நாங்க பாத்ததே இல்ல. ஒரே ஒரு தரம் பாத்துட்டாப் போதும்னு கெடந்து அடிச்சுக்கும் மனசு.

அப்பறந்தான் அது நடந்துச்சு. ஒரு திங்கக்கெழம பெரட்டுல ஆறு பேரோட பேரப் படிச்சாங்க. அன்னம்மா, நவமணி, ராஜம்மா, இன்னும் மூணு பேரு. வேல இல்லன்னாங்க. பதினாலு நாள்ல லயத்து வீட்டக் காலி பண்ணச் சொன்னாங்க. காளியண்ணன் நவமணி புருசன்தான, அவரு செம்பனைக் கொலை அறுக்கிற வேலையும் போச்சு. பொறந்ததுலருந்து இருந்த வீடு தம்பி அது. சாமான லோரில ஏத்துறப்ப நவமணி அடுப்புக்கல்லயும் எடுத்துக்கிட்டா. அங்க கல்லு கெடைக்காதான்னு காளியண்ணன் கத்துறாரு, இவ விடமாட்டேங்குறா.

மொகமே இல்லாத படத்துல தொரைக்கு எப்படிப் பேரு தெரியும்? எல்லாரும் அதத்தான் கேட்டாங்க. டேப்பு வாசுகிட்ட இருந்துச்சு, பேரும் அவனுக்குத்தான் தெரியும், அப்ப அவன்தான் வித்துட்டான். அவ்வளவுதான், முடிவு பண்ணிட்டாங்க. ஆடித் திருவிழாவுக்கு வருசா வருசம் வந்து எடுக்கிறவன், அந்த வருசமும் மெஷினத் தூக்கிக்கிட்டு வந்தான். ஒளிஞ்சிக்கணும்னு அவனுக்குத் தோணவே இல்ல பாருங்க. வெளிய போனவங்களும் சாமி கும்புட வந்திருந்தாங்க. மொத அடி காளியண்ணன் அடிச்சாரு. அப்பறம் யாரு யாரு அடிச்சாங்கன்னே தெரியல. நான் இல்லண்ணே, சாமி சத்தியமா நான் இல்லண்ணேன்னு கத்துறான். மெஷினத் தூக்கி கால்வாய்ல போட்டாங்க. நவமணி மண்ண வாரித் தூத்துனா. நான் பொங்கப் பானைய வச்சிக்கிட்டு அங்கதான் நின்னேன்.

இப்ப அம்பாங் பெச்சாவுல, பொண்டாட்டி வீட்டுப் பக்கம் இருக்கானாம். கல்யாணத்துக்கு ஒருத்தரும் கூப்புடல, கடைய மூடிட்டான். மணல் லோரி ஓட்டுறான்னு சொன்னாங்க. வலது காது கேக்காதாம். போன மாசம் அவன் அம்மா செத்ததுக்குக்கூட தோட்டத்துக்குள்ள வரல. மெயின் ரோட்டுல நின்னு, பாடை வந்ததும் தோள் குடுத்திருக்கான். கூட வந்தவங்க தள்ளி நடந்தாங்க.

என்ன தம்பி? என்ன நெனைக்கிறேனா?

வாசு காட்டிக் குடுக்கல.

எனக்குத் தெரியும். பதறாதீங்க, சொல்றேன். நம்ம நடராஜா கிராணி இருக்காரே, ஆபீசுல கணக்கு எழுதுற பெரிய கிராணி, அவரு வீட்டுல ஞாயித்துக்கெழமைக்கு நான் துணி தொவைக்கப் போவேன். அந்தத் திங்கக்கெழமைக்கு முந்தி, அவரு வீட்டம்மா ராவாங்ல ஒரு சடங்குக்குப் போயிட்டு, வரப்ப அங்க உள்ள கடைல படம் ஒண்ணு வாடகைக்கு எடுத்தாந்திருக்கு. யாரும் விக்கல, யாரும் குடுக்கல. மத்தியானம் சாப்புட்டுட்டு படம் பாத்திருக்காங்க. அந்தம்மா தூங்கப் போயிருச்சு. படம் முடிஞ்சுது, இவரு எந்திரிக்கல. நான் பின்னாடி துணி காயப் போட்டுக்கிட்டு இருக்கேன். லீலாவதி, இங்க வாம்மா, இது நம்ம தீம்பாரு மாதிரி இருக்கேன்னு கூப்புட்டாரு.

நாற்காலில உக்காரச் சொன்னாரு. இருவது வருசமா அந்த வீட்டுக்குப் போறேன், நாற்காலில உக்காந்ததே இல்ல. அவரே தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாரு. படத்த ஆரம்பத்துலருந்து போட்டாரு. நல்லா எடுத்திருக்கான்லா, யாரும்மா இதுன்னாரு.

சொன்னேன் தம்பி. சிரிச்சுக்கிட்டே சொன்னேன். பம்ப எடப்பக்கமா எறக்கி வச்சா அது அன்னம்மா. குனியுறப்ப ஒரு கைய இடுப்புல வச்சா ராஜம்மா. நடுவெரல்ல நகம் இல்லாத கை நவமணி கை, ஆலாத்தித் தட்டப் புடிச்ச கை. மொகத்த மறைச்சுட்டாத் தெரியாதுன்னு வாசு நெனைச்சான், பாவம். மொகம் யாருக்கு வேணும்? தெனம் தெனம் இவளுங்க பின்னாடி நெரை புடிச்சு நடந்தவளுக்கு முதுகு தெரியாதா? எம்புட்டு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா. நம்மாளுங்க டிவில வர்றாங்க. ஏதோ என் பிள்ளைங்க பரிச்ச பாசானத ஐயாகிட்ட சொல்ற மாதிரி ஒவ்வொரு பேராச் சொன்னேன்.

வேணாம், அப்படிச் சொல்லாதீங்க. தெரியாமத்தான செஞ்சீங்கன்னு நீங்களும் ஆரம்பிக்காதீங்க. நாலு வருசமா நான் எனக்கே அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒரு நாளும் அதால தூக்கம் வரல.

நான் பேசுறேன். எடுங்க. காளியண்ணன் சொன்னத அழிக்க முடியுமா? முடியாதுன்னா அதுக்குப் பின்னாடியே என்னப் போடுங்க. வாயால சொன்னது அந்த எடத்தோட போயிரும், டேப்புல ஏறுனது எங்கெங்க போகும்னு எனக்குத் தெரியும்லா. மொதல்ல வாசுகிட்ட கொண்டு போயிக் காட்டுங்க. எடது காதுப் பக்கம் உக்காரச் சொல்லுங்க. அப்பறம் நவமணிகிட்ட. அவ மண்ண வாரித் தூத்துனா வந்து தூத்தட்டும், நான் இங்கதான் இருக்கேன். மருந்தடிக்கிற வேல இல்ல இப்ப, ஆயாக்கொட்டகைல பிள்ளை பாக்குறேன். அந்த ஆறு பேரும் போன அடுத்த மாசமே குடுத்தாங்க. நான் கேக்கல.

இன்னொண்ணு இருக்கு, அதையும் சொல்லிர்றேன், அப்பறம் சொல்ல வராது. நாலாவது பேரு சொல்றப்பவே பாத்துட்டேன். அவரு கையில பென்சிலு, தொடை மேல பேப்பரு. எனக்கு வெளங்கிருச்சு தம்பி. வெளங்குனப்பறமும் இன்னும் ரெண்டு பேரு சொன்னேன். அங்கன நிறுத்துனா ஏன் நிறுத்துறேன்னு கேப்பாருல்ல. கடைசியா ஒருத்தி, தோம்புல மருந்து கலக்குறா, முதுகு மட்டுந்தான். இது யாரு லீலாவதின்னாரு. தெரியலீங்கய்யா, வேற டிவிசன் பொம்பளையா இருக்கும்னேன். அது நான். அவரு என்னையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, பிஸ்கட்டுத் தட்ட என் பக்கம் தள்ளி வச்சாரு. ரெண்டு எடுத்துத் தின்னேன்.