பையின் வாருக்குள் ஒரு கால்

கல்யாணங்களில் திருட்டு நடப்பது பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்தான். மேடைக்கு முன்னால் இருக்கும் நாற்காலிகள் ஐந்தே நிமிடத்தில் காலியாகிவிடும். யார் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும், பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். திருடனுக்கு இதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது. பதினேழு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

போன வாரம் நீங்கள் போனில் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. உங்கள் கல்யாணத்தில் எடுத்த எல்லாப் படங்களையும், கழித்துப் போட்டவற்றையும் சேர்த்து, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆனால் படங்களைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நேரில் சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு முறை உங்கள் தெருமுனை வரை வந்தேன். வாய் வராது என்று தெரிந்ததும் திரும்பிவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் என் பெரிய லென்ஸ் போனது. மேடைத் திரைக்குப் பின்னால் பையை வைத்துவிட்டு, மோதிரம் மாற்றுவதை எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் பை இருந்தது, லென்ஸ் இல்லை. என் மனைவியின் வளையல்களை விற்று வாங்கியது அது. அன்று அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. வெறும் கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகு பலதும் செய்து பார்த்தேன். உடை மாற்றும் அறையில் வைத்துப் பூட்டினேன். ஒரே சாவிதான் என்பார்கள், ஆனால் அது மணப்பெண்ணின் சித்தியிலிருந்து பூக்காரர் வரை ஊர் சுற்றிவிட்டு வரும். பிறகு பையின் வாரை நாற்காலிக் காலில் சுற்றி முடிச்சுப் போட்டேன். நாற்காலி அடுக்குகிறவர் கடமை உணர்ச்சியோடு நாற்காலியையும் பையையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய், கிடங்கில் பன்னிரண்டு நாற்காலிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். அதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அன்றுதான் புத்தி வந்தது. காலி நாற்காலியைத்தான் தூக்குவார்கள். ஆள் உட்கார்ந்திருந்தால் யாரும் தொட மாட்டார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குச் சில கணக்குகள் உண்டு. இளவட்டங்கள் ஆகாது, பாட்டு போட்டால் எழுந்து ஓடிவிடுவார்கள். குடும்பத் தலைவர்கள் ஆகாது, ஒரு இடத்தில் நிற்க மாட்டார்கள். ஒவ்வொரு கல்யாணத்திலும் படத்துக்கு யாரும் கூப்பிடாத ஒருவர் இருப்பார். காலையில் ஒரு மணி நேரம் கேமரா வழியாகக் கூட்டத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன். மற்றவர்களின் கைப்பைகள் எல்லாம் அவர் மடியில்தான் இருக்கும். அவர் எங்கே என்று யாரும் தேட மாட்டார்கள். அவரிடம் போய் இரண்டு வார்த்தை மரியாதையாகப் பேசி, பையை ஒப்படைத்து, "ஒரு காலை மட்டும் இந்த வாருக்குள்ள விட்டுக்கங்க, எவனாவது இழுத்தா உடனே தெரிஞ்சிடும்" என்று சொன்னால் போதும். ஆறு வருடத்தில் ஒரு லென்ஸ் மூடி கூடத் தொலைந்ததில்லை. இதை என்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், அவர்களில் சிலர் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள்.

உங்கள் கல்யாணத்தில் அந்த ஆள் உங்கள் அத்தை.

அவர் மடியில் ஆறு கைப்பைகள் இருந்தன. ஒரு குழந்தையின் செருப்பு கூட இருந்தது. உங்கள் அப்பாவின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவர், சர்க்கரைக்கு ஊசி குத்துவதைத் தவிர வேறு எதற்கும் யாரையும் தொந்தரவு செய்யாதவர் என்பதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது அவர் எழுந்து போகிற ஆள் இல்லை என்பது மட்டும்தான். நான் போய் நின்றதும் பதறிக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்கம்மா. ஒரு உதவி. இந்தப் பைய பாத்துக்கணும். இங்க யார நம்பறதுன்னே தெரியல, உங்களப் பாத்தா நம்பலாம்னு தோணுச்சு."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. கைப்பைகளை எல்லாம் பக்கத்து நாற்காலிக்கு மாற்றினார்.

"எவ்வளவு நேரம் ஆகும் தம்பி? இப்பதான் ஊசி போட்டுக்கிட்டேன். அரை மணி நேரத்துல சாப்பிட்டாகணும், இல்லன்னா தலைய சுத்தும்."

"பத்தே நிமிஷம்மா. தோட்டத்துல குடும்பப் படம் எடுத்துட்டு ஓடி வந்துடறேன். போன தடவ இப்படி ஒருத்தர் நடுவுல எழுந்து போயிட்டாரு. லென்ஸ் போச்சு. என் பொழப்பே போச்சு."

அப்படி ஒருவர் எழுந்து போனதே இல்லை. அந்தக் கதையை எல்லோரிடமும் சொல்வேன். சொன்னால்தான் உட்காருவார்கள்.

"ஐயோ, நான் அசைய மாட்டேன் தம்பி. நீங்க நிம்மதியா போங்க" என்றார். சொன்னபடி ஒரு காலை வாருக்குள் விட்டுக்கொண்டார். கூலி மாதிரி இருக்கட்டும் என்று அவரை ஒரு படம் எடுத்தேன். அன்று அவரைத் தனியாக எடுத்த ஒரே படம் அதுதான். நேரம் பன்னிரண்டு நாற்பத்தொன்று.

தோட்டத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு படத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். திடீரென்று மேகம் மூடியது. நடுப்பகலில் அந்த மாதிரி மெல்லிய வெளிச்சம் வருடத்தில் ஒரு தடவை கிடைத்தால் அதிகம். அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. உங்கள் ஆல்பத்தில் எல்லோரும் பாராட்டிய படங்கள் அத்தனையும் அந்த நேரத்தில் எடுத்தவைதான்.

உங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து உங்கள் பக்கத்தில் நின்றார், ஆனால் பார்வை எல்லாம் மண்டபக் கதவின் மேல்தான் இருந்தது.

"ஒரு நிமிஷம் தம்பி, அண்ணிக்கு ஊசி போட்டுட்டு வந்திருக்கேன். அவங்கள சாப்பிட உக்கார வச்சுட்டு வந்துடறேன்" என்றார்.

அவர் உள்ளே போனால் அத்தையைக் கையோடு அழைத்துப் போய்விடுவார். பை தனியாகக் கிடக்கும். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே நான் சொன்னேன்.

"அவங்க அப்பவே சாப்பிடப் போயாச்சும்மா. நான்தான் பாத்தேனே. நீங்க கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லுங்க."

நீங்கள் மாப்பிள்ளை சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தீர்கள், இது உங்கள் காதில் விழுந்திருக்காது. பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு எடுத்த இரண்டு படங்களைப் பாருங்கள். முதல் படத்தில் உங்கள் அம்மா கதவைப் பார்க்கிறார். அடுத்த படத்தில் நிம்மதியாகச் சிரிக்கிறார். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் பேசினேன்.

தோட்டத்தை விட்டு நான் உள்ளே வந்தபோது மணி இரண்டே கால். மண்டபத்தில் வேறு ஒருவரும் இல்லை. அத்தை நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனமில்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். உங்கள் அப்பா பிறகு என்னிடம் விசாரித்தபோதும் இதைத்தான் சொன்னேன், பையை மட்டும் விட்டுவிட்டு.

அதற்கு அரை மணி நேரம் கழித்து, நாற்காலி அடுக்குகிறவர்தான் அத்தையின் பக்கத்தில் வந்து தட்டிப் பார்த்திருக்கிறார். அவர் போட்ட சத்தம் எனக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன், பையோடு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உங்கள் அத்தை போய்விட்டார். இன்னும் அரை மணி நேரம் முன்னால் வாயில் கொஞ்சம் சர்க்கரை போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும் என்று உங்கள் அப்பா கேட்டார். பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு எடுத்ததைத்தான் கொடுத்தேன், இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டு. உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது அதுதான். முழுப் படமும் இப்போது உங்களிடம் இருக்கிறது. அவருடைய வலது காலைப் பாருங்கள்.

ஆல்பம் கொடுக்க உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் அப்பா கூடத்திலும் அம்மா சமையலறையிலும் இருந்தார்கள். "கூடவே வச்சிருந்த ஆளுக்கு ஒரு வாய் சோறு போட உனக்கு நேரமில்ல" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "யாரோ சொன்னாங்க, சாப்பிடப் போயாச்சுன்னு யாரோ சொன்னாங்க" என்று உங்கள் அம்மா திருப்பித் திருப்பிச் சொன்னார். "யாரு? பேரச் சொல்லு" என்றார் அவர். அம்மாவால் சொல்ல முடியவில்லை. எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்து, படங்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டி, குரல் கட்டிவிட்டது என்று சைகை செய்தேன். அந்த டீயை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும், குடும்பத்துக்குள் இது தானாகச் சரியாகும், நான் இடையில் புகுந்து கிளறக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயமாகத்தான் பட்டது. ஒரு வருடம் நியாயமாகவே பட்டது.

போன வாரம் நீங்கள் கூப்பிட்டீர்கள். அப்பா தனியாக வீடு பார்த்துப் போய்விட்டார் என்றும், அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னீர்கள். "எல்லாப் படத்தையும் குடுங்கண்ணா. அன்னிக்கு வந்த ஒவ்வொரு முகத்தையும் பாக்கணும்ங்கறாங்க அம்மா. முகத்தப் பாத்தா யார் சொன்னாங்கன்னு ஞாபகம் வந்துடும்னு ஒரே பிடிவாதம்" என்றீர்கள்.

இரண்டாயிரத்து நூற்றுப் பத்துப் படங்கள். அவ்வளவையும் நான் மறுபடி பார்த்தேன். அன்று வந்த அத்தனை பேரும் இருக்கிறார்கள், பூக்காரர் கூட இருக்கிறார். உங்கள் அம்மா தேடும் முகம் மட்டும் எதிலும் இல்லை. கண் வலிக்க வலிக்க அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருப்பார், கடைசியில் தன்மேல்தான் சந்தேகம் வரும். அதை நினைத்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், அவர் நினைவு தப்பவில்லை. சொன்னது நான்தான். அப்பாவிடமும் சொல்லுங்கள். போலீசுக்குப் போவதானால் போங்கள், இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், நான் மறுக்க மாட்டேன்.

இத்தோடு முடித்துவிடத்தான் நினைத்தேன். கையெழுத்தும் போட்டேன். பிறகு படங்களை அனுப்பும்போது, இரண்டு பதினேழுக்கு ஒரு படம் இருப்பதைக் கவனித்தேன். லென்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மண்டபத் தரையைச் சும்மா ஒன்று எடுத்திருக்கிறேன். ஓரத்தில் அவருடைய பாதம் விழுந்திருக்கிறது. விரல்கள் நாற்காலிக் காலை இறுகப் பற்றியிருக்கின்றன. தூங்குகிறவர்கள் கால் அப்படி இருக்காது. அதை அழித்துவிட்டு அனுப்பலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. முகமெல்லாம் வியர்த்து, உடை கழுத்தோடு ஒட்டியிருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். என் அப்பாவும் ஊசி போட்டுக்கொண்டவர்தான், இரண்டு முறை அவரை அந்த நிலையில் பார்த்திருக்கிறேன். என் பையின் பக்கவாட்டு ஜிப்பில் எப்போதும் ஒரு மிட்டாய்ப் பொட்டலம் இருக்கும். குழந்தைகளைச் சிரிக்க வைக்க என்று எல்லோரிடமும் சொல்வேன். அந்தப் பழக்கம் அப்பாவுக்காக வந்தது. உங்கள் அத்தை ஒன்றரை மணி நேரமாக அதைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்தவர் பையை அவர் திறந்து பார்த்திருக்க மாட்டார்.

அவருக்கு நாக்கு குழறியது. குனிந்து கேட்டேன்.

"எல்லாம் சரியா இருக்கா... பாத்துக்கங்க தம்பி."

யாரையாவது கூப்பிட்டிருந்தால், அவர் கால் ஏன் என் பையில் மாட்டியிருக்கிறது என்று கேட்டிருப்பார்கள். நான் மண்டியிட்டு, அவர் காலிலிருந்து வாரைக் கழற்றினேன். பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு கேமரா, நான்கு லென்ஸ், ஃப்ளாஷ், பேட்டரிகள், பக்கவாட்டு ஜிப்பில் பிரிக்காத மிட்டாய்ப் பொட்டலம். எதுவும் குறையவில்லை.

"எல்லாம் சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாப்பிடப் போனேன்.