பாலைவனத்தில் ஒரு மெத்தைக்காரன்

பகடையை வெறும் மேசை மேல உருட்டக் கூடாது மேடம். சத்தம் கேட்டதும் எல்லாரோட கண்ணும் கதையை விட்டுட்டு மேசைக்கு வந்துடும். அதுக்குத்தான் பச்சைக் கம்பளித் துணி விரிச்சு வச்சிருந்தேன். உங்க ஆளுங்க அதை மடிச்சு எடுத்துட்டுப் போனாங்க. மடிக்கக் கூடாது, சுருட்டணும். மடிச்சா கோடு விழும், கோட்டுல பகடை தடுக்கும். சரி விடுங்க, இனிமே அதுல யாரு விளையாடப் போறாங்க.

நீங்க இந்த விளையாட்டைப் பாத்ததே இல்லைன்னு சொன்னீங்க. ரொம்பச் சுலபம். மேசையைச் சுத்தி நாலு பேர். மூணு பேருக்கு ஆளுக்கொரு பாத்திரம், போர்வீரன், மந்திரக்காரி, திருடன்னு. நாலாவது ஆள் கதையை நடத்துவான். அது நான். 'முன்னால ஒரு குகை, உள்ள ஏதோ மூச்சு விடுது, என்ன செய்யப் போறீங்க'ன்னு கேப்பேன். அவங்க அந்தப் பாத்திரமாவே இருந்து பதில் சொல்லணும். நினைச்சது பலிக்குமா பலிக்காதாங்கறதைப் பகடை முடிவு பண்ணும். சின்னப் பிள்ளைங்க வீடு கட்டி விளையாடற மாதிரின்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. அப்படி இல்லை. முறையா ஆடினா, ஒரு நிமிஷம் நிஜமாவே அந்தக் குகைக்குள்ள நிப்பீங்க. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் வாரம் பூரா காத்துக் கிடப்பேன்.

என் தொழில் பல்லு. டாக்டர்ங்க அளவெடுத்து அனுப்புவாங்க, லேப்ல உக்காந்து நான் பல் செட் செய்வேன். ஒரு பல் மயிரிழை உயரமா இருந்தாலும் போதும், கடிக்கிறவனுக்குத் தாடை வலிக்கும், தலை வலிக்கும், தூக்கம் போகும். அதனால எதுக்கும் ஒரு சரியான அளவு உண்டுன்னு எனக்குத் தெரியும். 'அவங்கவங்க இஷ்டம்'னு சொல்றவங்க பல் கட்டிப் பாத்ததில்லை. மிஞ்சின பொருள்லதான் விளையாட்டுக்கான பொம்மைங்களைச் செய்வேன். டிராகனோட செதில் ஒண்ணொண்ணும் பல் செட்டை ராவற கருவியால செதுக்கினது.

என் மச்சினனைப் பத்தித்தானே கேட்டீங்க, வர்றேன். அவன் மெத்தைக் கடை வச்சிருந்தான். எல்லாரும் கூப்பிடறதே 'மெத்தை'ன்னுதான், அவனும் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பாப்பான். என் மேசையில அவன் போர்வீரன். நல்ல பேரா ஒண்ணு யோசிச்சு வைன்னு சொன்னேன். அவன் வச்ச பேர் 'தலைகாணி'. மாவீரன் தலைகாணி. எதிரிப் படை கோட்டையை முற்றுகை போட்டு நிக்குது, நான் குரலைத் தாழ்த்தி, 'வீரனே, உன் பெயர் என்ன'ன்னு கேக்கறேன். 'தலைகாணி'ங்கறான். கோட்டையே சிரிக்குது. கிழட்டு ராஜா சாகற காட்சி, மாசக்கணக்கா மனசுல ஊற வச்ச காட்சி. ராஜா கடைசி மூச்சுல அவனைப் பக்கத்துல கூப்பிடறார். இவன், 'ராஜா, முதுகு வலியா? நம்ம கடையில ஸ்பிரிங் வச்சது ஒண்ணு வந்திருக்கு'ங்கறான்.

அந்த டிராகனைச் சொல்லணும். பொம்மையைத் துணி மூடி வச்சிருந்தேன், சரியான நேரத்துல துணியை எடுத்தேன். லைப்ரரி அக்கா மூச்சை இழுத்துப் பிடிச்சாங்க. அவங்க நூலகத்துல வேலை பாக்கறவங்க, எங்க மந்திரக்காரி. டிரைவிங் மாஸ்டர், வண்டி ஓட்டக் கத்துக் கொடுக்கறவர், எங்க திருடன். அவர் பயந்து மேசைக்கடியில இல்லாத பிரேக்கை மிதிச்சார், வலது கால் தானாப் போகும் அவருக்கு. இதுதான் அந்த நிமிஷம்னு எனக்கு உடம்பு சிலுத்துச்சு. அப்ப மெத்தை சொல்றான், 'டிராகனுக்குத் தவணை முறையில ஒரு மெத்தை விக்கப் பாக்கறேன் மாமா, பகடையைக் கொடுங்க.' உருட்டினான். உச்ச எண் விழுந்துச்சு. பகடை சொன்னா நான் கட்டுப்படணும், அதுதான் முறை. டிராகன் மெத்தை வாங்கிக்கிச்சு மேடம். மாஸ்டர் சிரிச்சுச் சிரிச்சு நாற்காலியிலேர்ந்து சரிஞ்சார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நானும் பல்லைக் காட்டினேன்.

எத்தனையோ தடவை நயமாச் சொல்லிப் பாத்தேன். "மாப்ள, இதுக்குன்னு ஒரு முறை இருக்குடா."

"மாமா, சிரிக்கிறதுக்குக் கூடவா முறை? நான் வாரம் பூரா முதுகு வலிக்காரங்க கிட்டயே பேசறேன். இங்கயாவது விடுங்க."

லைப்ரரி அக்காகிட்ட நியாயம் கேட்டேன். "எங்க லைப்ரரில ஒருத்தர் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிப்பார். அவர் பாட்டுக்கு சந்தோஷமாப் போறார். நான் போய்த் திட்டவா முடியும்?"ன்னாங்க.

நான் திட்டுவேன்னு சொன்னேன். அவங்க என்னவோ நான் ஜோக் அடிச்ச மாதிரி சிரிச்சாங்க.

அவனை நிறுத்தவும் முடியாது. என் வீட்டுக்காரியோட ஒரே தம்பி. 'என் தம்பி இல்லாத மேசை என் வீட்டுல வேண்டாம்'னுட்டா. அவனுக்கும் வர்றதுல அப்படி ஒரு ஆசை. வேற யாராவதா இருந்தா ஒப்புக்குச் சப்பாணியா உக்கார வச்சு சமாளிச்சிருப்பேன். இவன் இருந்தா மத்த மூணு பேரும் சப்பாணி.

ஒரு சாயங்காலம் அவன் கடை வழியா வந்தேன். பாதி ஷட்டர் இறக்கியிருந்துச்சு, உள்ள விளக்கு எரிஞ்சுது. குனிஞ்சு பாத்தேன். காட்சிக்குப் போட்ட பெரிய மெத்தை மேல மூணு பேரும் காலை நீட்டி உக்காந்திருக்காங்க. என்னைக் கூப்பிடாம விளையாடறாங்க. கதையை நடத்தறது அவன். பொம்மை இல்லை, பொம்மைக்குப் பதிலா சட்டைப் பட்டன். அவன் ஏதோ மெதுவாச் சொல்லிக்கிட்டிருந்தான், ஒரு அம்மா திரும்பி வராத பிள்ளைக்காகக் கதவைத் திறந்தே வச்சிருக்கான்னு. யாரும் சிரிக்கலை. மாஸ்டர் தலையைக் குனிஞ்சிருந்தார். லைப்ரரி அக்கா கன்னத்துல தண்ணி ஓடுது, துடைக்கக் கூட இல்லை. என் மேசையில அவங்க ஒரு நாளும் அழுததில்லை மேடம். நான் எவ்வளவு எழுதியிருப்பேன், எவ்வளவு செதுக்கியிருப்பேன். மெத்தை மேல உக்காந்து பட்டனுக்காக அழறாங்க. அது முறையே இல்லை. அழுதாலும் அது தப்பான ஆட்டம்தான்.

நான் பாத்ததை யார்கிட்டயும் சொல்லலை. அந்த ஞாயித்துக்கிழமை வழக்கம் போல எல்லாரையும் வரச் சொன்னேன். ஒரே ஒரு தடவை, எனக்காக, முறைப்படி ஆடலாம்னு கேட்டுக்கிட்டேன். போனும் பையும் உள் ரூம் அலமாரியில இருக்கணும். மேசையில தீனி கூடாது. யாரும் பாத்திரத்தை விட்டு வெளிய வந்து பேசக் கூடாது, என்ன ஆனாலும் சரி. மாஸ்டர் முனகினார். மெத்தைதான் அவரை அடக்கினான். "மாமா ஆசையாக் கேக்கறார் இல்ல. இன்னைக்கு ஒரு ஜோக் கூட கிடையாது மாமா. எங்க அக்கா மேல சத்தியம்"ன்னான். என் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

அவனுக்குச் சக்கரை வியாதி, சின்ன வயசுலேர்ந்தே. சாப்பாட்டுக்கு முன்னால ஊசி போட்டுக்குவான். போட்டா உடனே சாப்பிடணும், இல்லைன்னா ரத்தத்துல சக்கரை இறங்கி மயக்கம் வந்துடும். என் வீட்டுக்காரி அன்னைக்கு வேலைக்குப் போகணும். சமைச்சு அடுப்பு மேல மூடி வச்சுட்டு, செருப்பு போடும்போது கூட அதையேதான் சொன்னா. 'கதை கதைன்னு அவனைப் பட்டினி போட்டுடாதீங்க.' சரின்னு தலையாட்டினேன்.

எல்லாரும் வந்ததும், "சாப்பாடு எடுத்து வைக்கிறேன் மாப்ள, நீ ஊசியைப் போட்டுக்கோ"ன்னு சொன்னேன். போட்டுக்கிட்டான். அப்புறம், "ஒரே ஒரு காட்சி, முடிச்சுட்டு நிம்மதியாச் சாப்பிடலாம்"ன்னேன். சரி மாமான்னு உக்காந்தான். சாப்பாட்டை நான் எடுத்து வைக்கலை. காட்சியை நீட்டினேன். நீட்டறது எனக்குக் கை வந்த கலை.

பாலைவனத்துல வழி தப்பின கதை. வெயில், மணல், தண்ணி தீர்ந்து போச்சு. அவன் சொன்ன சொல்லைக் காப்பாத்தினான் மேடம். ஒரு ஜோக் இல்லை. முதல்ல பேச்சு குறைஞ்சுது. அப்புறம் நெத்தி வேர்த்துச்சு. பகடையை எடுக்கற கை நடுங்குச்சு. அப்பக் கூட பாத்திரத்தை விட்டு வெளிய வரலை. "வழிகாட்டியே, கொஞ்சம் இனிப்பு ஏதாவது கிடைக்குமா"ன்னு கேட்டான். வழிகாட்டி நான்தான். "இது பாலைவனம், வீரனே"ன்னேன். கொஞ்சம் கழிச்சு, "என் மூட்டையில வெல்லம் வச்சிருந்தேன், மூட்டை எங்கே"ன்னான். அவன் பையில எப்பவும் மிட்டாய் இருக்கும். "மூட்டையைக் காத்து கொண்டு போயிடுச்சு"ன்னேன். மாஸ்டர், 'அடடா, பின்றானே'ங்கற மாதிரி என்னைப் பாத்தார்.

லைப்ரரி அக்காதான் பாதி எழுந்தாங்க. "இவனுக்கு நிஜமாவே வேர்க்குது பாருங்க."

"பாத்திரமாப் பேசுங்க"ன்னேன்.

உக்காந்துட்டாங்க. அவங்களை நீங்க ரொம்பக் குடையாதீங்க, பாவம். அவன் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு சாக்குல ஆட்டத்தை நிறுத்தினவன். புலி வருது புலி வருதுன்னு கேட்டுக் கேட்டுப் பழகினவங்க அவங்க.

அதுக்கப்புறம் அவன் பேச்சு குழற ஆரம்பிச்சுது. 'அக்கா'ன்னு ஒரு தடவை கூப்பிட்டான். பச்சைத் துணி மேல தலையைச் சாச்சான். நான் கதையை விடலை. மாவீரன் மணல்ல விழுந்ததையும், அவன் பேரைக் காத்து எழுதி எழுதி அழிச்சதையும் சொன்னேன். தலைகாணிங்கற பேரைச் சொன்னேன், ஒருத்தர் சிரிக்கலை. மாஸ்டர் விம்மினார். லைப்ரரி அக்கா அழுதாங்க, என் மேசையில. நானும் அழுதேன். இத்தனை வருஷத்துல நான் நடத்தின ஆட்டத்துல அதுதான் ஆட்டம். அப்புறம் அக்கா அவன் கையைத் தொட்டாங்க, அதுக்கு மேல நடந்ததெல்லாம் உங்க ஸ்டேஷன் ஃபைல்லயே இருக்கு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில நினைவில்லாமக் கிடந்துட்டுப் போயிட்டான்.

என் வீட்டுக்காரி என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "அவன் கேட்டானா?"

"கதையிலதான் கேட்டான்"னு சொன்னேன். அவ அப்படியே என்னைப் பாத்துக்கிட்டே பின்னால நடந்து வாசலுக்குப் போனா. அவளுக்கு எப்பவுமே இந்த விளையாட்டு புரிஞ்சதில்லை.

நீங்களும் சுத்திச் சுத்தி அதையேதான் கேக்கறீங்க. அவன் கேட்டது கதைக்கா நிஜத்துக்கான்னு எனக்குத் தெரியுமான்னு. தெரியும் மேடம். முதல் தடவை கேட்டப்பவே தெரியும். ஃபிரிட்ஜ் என் நாற்காலிக்குப் பின்னாலயே இருக்கு, எழுந்திருக்கக் கூட வேண்டாம், கையை நீட்டினாப் போதும். உள்ள ஆரஞ்சு ஜூஸ் இருந்துச்சு. அதையும் நினைச்சுப் பாத்தேன், நினைக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு டம்ளர் கொடுத்திருந்தா கொஞ்ச நேரத்துல எழுந்து உக்காந்திருப்பான். உக்காந்ததும் முதல் வேலையா ஒரு ஜோக் அடிச்சிருப்பான்.