பிரிஸ்பேன் மலைப்பாம்பு

கிளென் ஈடன் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு அக்காவும் தம்பியும் இருந்தார்கள். தம்பி கட்டப்போகிற பெண் பிரிஸ்பேனில் மலைப்பாம்பு வளர்க்கிறாளாம். நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அவளை இஞ்ச வரச்சொல்லன்.”

“இந்த நாட்டுக்குள்ள பாம்பு கொண்டுவர விடமாட்டாங்கள் அக்கா. அதை விட்டிட்டு அவள் வராள். நான்தான் போகவேணும்.”

“பெரிசோ?”

“மூண்டு மீற்றர். தனியத் தூக்கக்கூடாது, கழுத்தைச் சுத்திப்போடும். எப்பவும் ரெண்டு பேர் நிக்கவேணும்.”

“இப்ப ஆர் மற்ற ஆள்?”

“அவளின்ர அப்பா.”

“ஓ, அவருக்கு வயசு போட்டுது, அதுதான் மாப்பிள்ளை தேடுகினம்!”

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

“என்ன சாப்பாடு?”

“செத்த எலி. பிரீசரில வைச்சிருந்து, இளக வைச்சுக் குடுக்கிறது.”

“வெள்ளிக்கிழமையுமோ?”

“ரெண்டு மூண்டு கிழமைக்கு ஒருக்காத்தான் அக்கா. வியாழக்கிழமை குடுத்தாச் சரி.”

“எத்தினை வருசம் உயிரோட இருக்கும்?”

“இருபது, இருபத்தைஞ்சு.”

அக்கா கைப்பையின் வாரைத் திருகினாள்.

“அப்ப நீ இனி இஞ்சால வரமாட்டாய்.”

“நீ வரலாம்தானே.”

“வருவன். எனக்குத் தாற அறைக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டு வை.”