தும்பிக்குழி

கேளுங்க கண்ணுகளா. ரொம்பக் காலத்துக்கு முந்தி, நம்ம காங்கயம் சீமையில, இதே கொன்னமரத்துப்பாளையத்துல, பாவாத்தான்னு ஒருத்தி வாக்கப்பட்டு வந்திருந்தாளாம். எங்க பாட்டனுக்குப் பாட்டனப் பெத்தவ. மாடுன்னா அவளுக்கு உசுரு.

அந்த வருசம் மழையே இல்ல. வெயிலுல காடெல்லாம் தண்ணியாட்டம் நெளியும், மாடுக அதப் பாத்து நாக்க நீட்டுமாம். கெணத்துல ஊறுறது மாடு குடிக்கவும், மாடு கட்டுற கட்டுத்தறியக் கழுவவுந்தான் பத்தும். புல்லுக்கு ஏது தண்ணி?

பாவாத்தா சொன்னாளாம், "ஏனுங்க, கட்டுத்தறி கழுவுன தண்ணி சும்மாதான போகுது? அதப் புல்லுக்கு விடலாமுங்க."

புருசன் ராக்கியப்பன் அவசரக்காரன். சாணியும் மூத்திரமுமா அப்பவே வாரி அப்பவே விட்டான். புல்லு வேரோட வெந்து போச்சாம். ஊரே சிரிச்சுது.

ஆனா பாவாத்தா ஒண்ணு பாத்தா. வழிஞ்ச தண்ணி ஒரு பள்ளத்துல ரொம்ப நாளாத் தேங்கி, நாத்தம் போயி, தெளிஞ்சு கெடந்துது. மேல ஒரு தும்பி உக்காந்திருந்துது. அந்தப் பள்ளத்தோரம் மட்டும் கொழுக்கட்டைப் புல்லு பச்சுனு நிக்குது! "அட, இந்தத் தண்ணி கொஞ்ச நாளு ஆறோணுமாட்ட இருக்குதே"ன்னு அங்கயே குழி வெட்டுனா, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா. மேக்குழியில கசடு தங்கும், கீழ்க்குழியில தண்ணி ஆறும். தும்பி உக்காந்தாத்தான் மடை தொறக்கறதுன்னு வெச்சுக்கிட்டா.

தும்பி வரல. மாடுக எலும்பும் தோலுமா நின்னுது.

"தொற புள்ள. இல்லாட்டி நாளைக்குச் சந்தைக்கு ஓட்டிருவேன்."

"மறுக்காவும் வேரு வெந்துருமுங்க. தொறக்க மாட்டேன்."

ஓட்டிட்டே போயிட்டான், பாவி. மாடுக திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போச்சாம். சினையா இருந்த செவலை மட்டும் எந்திரிக்க முடியாமக் கெடந்துது. பாவாத்தா அழுதா. அழுதுட்டே வீட்டுக் கூரையப் பிரிச்சு, அந்தச் சோளத்தட்ட அதுக்குப் போட்டா. கூரையில்லாத வீட்டுல படுத்தா வானம் நெஞ்சு மேல எறங்குமாம், கனவுல புல்லு அலையடிக்குமாம்.

ராக்கியப்பன் வெறுங்கயித்தத் தோள்ல போட்டுட்டுத் திரும்பி வந்தான். வீட்டுக்குப் போகாம குழிக்கரைக்கே வந்து, அவ பக்கத்துல உக்காந்தான்.

"இப்பத் தொறக்கட்டுமா புள்ள?"

"தும்பி இன்னும் வல்லீங்க."

"செரி."

அவசரக்காரன் உக்காந்தான் பாருங்க! உக்காந்தான், உக்காந்தான், வெயிலு ஏறுறதும் எறங்குறதும் தெரியாம உக்காந்தான். எத்தன நாளுன்னு ஆருக்கும் தெரியாது. ஒரு மத்தியானம் எங்கிருந்தோ ஒரு செந்தும்பி மெதந்து மெதந்து வந்து, தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டிருந்த குச்சியில உக்காந்துதாம். ரெண்டு பேரும் மூச்சு விடல. அப்பறம் அவனே மம்முட்டிய எடுத்து மடையத் தொறந்தான்.

புல்லு வந்துது. செவலை எந்திரிச்சுது, கன்னு போட்டுது. இன்னிக்கு இந்த ஊருல நிக்கிற மாடு அத்தனையும் அந்தச் செவலை வவுத்து வழிதாங்கறாங்க. ஆனா அந்தச் சந்தைக் கயித்த மட்டும் ராக்கியப்பன் சாகற வரைக்கும் வேற மாட்டுக்குப் போடலியாம்.

அதுனாலதான் நம்மூருல எவன் மாட்டச் சந்தைக்கு ஓட்டுனாலும், தும்பிக்குழிக் கரையில சித்த நேரம் உக்காந்துட்டுத்தான் போகோணும். உக்காந்தவங்கள்ல பாதிப்பேரு மாட்ட வூட்டுக்கே திருப்பி ஓட்டிட்டு வந்துருவாங்க.