சுடுதண்ணிப் போத்தலில் இறுகிய சிமெந்து

நடு நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் தலைவர் சண்முகலிங்கம் அவர்களே, எங்கள் பிள்ளைகளுக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கும் சட்டத்தரணி அருள்நாயகி அவர்களே, கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் பெரியோர்களே, வெள்ளவத்தை லொட்ஜ் அறைகளைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் தாய்மாரே, எல்லோருக்கும் கனகேஸ்வரியின் கும்பிடு.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு மேடையில் ஏறத் தெரியாது, ஏறினால் இறங்கவும் தெரியாது. சிரியுங்கோ, பரவாயில்லை. என் மகன் சிவபாலன் ஓமானில் எண்ணெய்க் கிணற்றுச் சிமெந்தைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை செய்தவன். போன ஆவணியில் அந்தப் பாலைவன ரோட்டில் வாகனம் புரண்டு செத்துப்போனான். அவனுக்காக அழ நான் இங்கே வரவில்லை. அவன் காட்டிய அதிசயத்தைச் சொல்ல வந்தேன்.

என்ன அதிசயம்? எண்ணெய்க் கிணறு என்பது மைல் கணக்கில் இறங்கும் துளை. துளைக்குள் இரும்புக் குழாய், குழாயைச் சுற்றிச் சிமெந்து. பாரமான சிமெந்தை விட்டால் பாறை பிளந்துவிடுமாம். அதனால் உள்ளே காற்றடைத்த, மாவைப் போல நுண்ணிய கண்ணாடி மணிகளைக் கலந்து இலேசாக்குவார்கள். வழியில் இறுகாதிருக்க ஒரு மருந்து. மணிகள் மிதந்து பிரியாதிருக்க ஒரு பசை. ஆனால் ஆழத்தில் காத்திருப்பது என்ன? சூடு. சூடு ஏற ஏற மருந்து வலுவிழக்கும், பசை இளகும். மேலே கஞ்சியாய் இருந்தது பாதி வழியிலேயே கல்லாகும். மனிதக் கண் போகாத மண்ணடியில், ஒரு பிடி தூளின் குணத்தைச் சூடு மாற்றுகிறது என்றால், உடம்பு சிலிர்க்காதா?

இங்கே படிக்கும் பிள்ளைகளுக்குக் காட்டவென்று லீவில் வந்தபோது அந்தத் தூள்களைக் கொண்டுவந்தான். நாங்கள் தங்கியிருந்த வெள்ளவத்தை லொட்ஜில் பொலிஸ் சுற்றிவளைப்பு நடந்தது. பைக்குள் சாம்பல் தூள், மண்ணிறத் தூள், வெள்ளைத் தூள், ஒரு வெப்பமானி. பையை வைத்திருந்தவன் தமிழ்ப் பிள்ளை. வேறென்ன வேண்டும்? குண்டு மருந்து என்று பிடித்துக்கொண்டு போனார்கள்.

"மேக்க மொக்கத, அம்மே?" இது என்ன என்று பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் என்னைக் கேட்டார்.

"சிமெந்தி, மாத்தயா." சிமெந்து ஐயா என்றேன்.

"இவ்வளவு லேசா சிமெந்தி இல்ல. இது வெடிக்கும்," என்றார் அரைகுறைத் தமிழில்.

கம்பிக்குள் இருந்து மகன் சொன்னான்: "வெடிக்காது சேர், இறுகும். கொஞ்சத்தைக் கிளாஸில பச்சைத்தண்ணி விட்டுக் கரைச்சு வையுங்கோ. கொஞ்சத்தைச் சூடு ஆறாத சுடுதண்ணிப் போத்தலுக்க மூடி வையுங்கோ. பிறகு பாருங்கோ. அம்மா, சுடுதண்ணி கொண்டு வாங்கோ."

கொண்டு போனேன். கலந்து மூடினார்கள். மத்தியானம் திறந்தால் இரண்டும் ஒரே கஞ்சி. சார்ஜன்ட்டின் முகம் கறுத்தது. அவனை மேலிடத்துக்கு அனுப்ப ஜீப்பைக் கூப்பிட்டார்.

"அம்மா, சீனி போட்டனீங்களோ?"

"வெறும் தண்ணியை எப்பிடி அப்பு குடிப்பாய் எண்டு ரெண்டு கரண்டி…"

ஓம், இப்போது நீங்கள் சிரிப்பது போலத்தான் அவனும் சிரித்தான். "சேர், சீனி விழுந்தால் சிமெந்து இறுகாது. கிணத்தடியில ஏதும் பிழையாப் போனால் நாங்களும் சீனிதான் கொட்டுறனாங்கள்."

"அப்ப ஒங்கட கிணறும் தேத்தண்ணி குடிக்கிற," என்றார் சார்ஜன்ட். சிரிக்கவில்லை. ஆனாலும் ஜீப்பை நிறுத்திவைத்து, நிலையத்துக் கேத்தலிலேயே தண்ணீர் கொதிக்க வைத்தார்.

பொழுதுபட முன் கிளாஸில் கஞ்சி, போத்தலில் கல். இளகிய பசையை விட்டு மிதந்த மணிகள் பால் ஆடை போல மேலே படிந்திருந்தன. சார்ஜன்ட் கரண்டியால் தட்டிப் பார்த்தார்.

"ஒரே தூள்தானே?"

"ஒரே தூள்தான் சேர். சூடுதான் வேறை."

பூட்டைத் திறந்துவிட்டார்.

கைதட்ட வேண்டாம். பொறுங்கோ. அந்தக் கூட்டுக்குள் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மருந்தெடுக்க வந்த பிள்ளை, விசாவுக்கு வந்த பிள்ளை. கலக்கிக் காட்ட அவர்களிடம் என்ன இருந்தது? இறுக்கிக் காட்ட என்ன இருந்தது? கொழும்புக் காலி வீதியில் என்னோடு நடந்துகொண்டே மகன் கேட்டான், "தூள் இல்லாதவன் எதைக் காட்டுவான் அம்மா?"

அந்தப் பிள்ளைகள் இன்னும் உள்ளே. அவர்களைப் பெற்றவர்கள் இதோ முன்வரிசையில். ஒரு பிடி தூளைக்கூடப் பரிசோதிக்காமல் கிணற்றில் இறக்கமாட்டான் என் மகன். விசாரிக்காமல் ஒரு பிள்ளையைச் சிறையில் இறக்கலாமா? விசாரியுங்கள், வழக்கிருந்தால் போடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். நாங்கள் இரக்கம் கேட்கவில்லை, விசாரணை கேட்கிறோம்.

என் பிள்ளை வரமாட்டான். இவர்களுடைய பிள்ளைகள் வரலாம். நாளைக் காலையில் அருள்நாயகி அவர்களோடு நானும் நீதிமன்றத்துக்குப் போகிறேன். கூட வருகிறவர்கள் எழும்புங்கள்.

எழும்பிய உங்களுக்கு நன்றி. முழங்கால் நோவோடு எழும்பிய அந்த அம்மாவுக்கு இன்னும் பெரிய நன்றி. திரும்பக் கதிரையில் இருக்கவேண்டாம், அப்படியே நில்லுங்கோ. உங்கள் எல்லோரையும் கும்பிட்டு இறங்குகிறேன்.