மழைக்கு முந்தைய கடைசி விமானம்

சின்ன விமானத்தில் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பெட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். எட்டுப் பேர் உட்காரும் விமானம் அது. பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் தராசில் நிறுத்திப் பார்ப்பார்கள். பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். போய்ச்சேர அவஸ்தையான இடங்களெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். அந்தத் தீவுக்கு நூறு பேரையாவது அனுப்பியிருப்பேன். ஒருவர்கூட அங்கே மாட்டிக்கொண்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஐயா. ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள்.

தீவின் ஓடுபாதை வெறும் மண். புதன்கிழமை மட்டும் ஒரு விமானம். மழை பிடித்துவிட்டால் பாதை சேறாகிவிடும். மூன்று மாதத்துக்கு எதுவும் இறங்காது. கடலும் படகை விடாது. அதனால் மீன்பிடிக்கத் தங்கியிருப்பவர்கள், ஓடுபாதைக் காவலாளி உட்பட, மழைக்கு முன்னால் ஒருவர் பாக்கியில்லாமல் கரைக்கு வந்துவிடுவார்கள்.

அந்தப் பாதையைப் போட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். இளவயதில் அங்கே ரோடு ரோலர் ஓட்டினார். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே ரோலர்காரர்தான். ஆறு வருடமாக அவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. சாப்பிட்ட கை காய்வதற்குள் "இன்னும் சோறு போடலையா?" என்பார். வீட்டுக் குழாய்களையெல்லாம் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பார். என்னைச் செத்துப்போன அம்மா என்று நினைத்துத் திட்டுவார். சில நாள் கொஞ்சுவார். அது இன்னும் கஷ்டம். நான் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவேன். மாலையில் திறந்தால், அந்தப் பக்கம் கதவோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்.

வெளிநாட்டிலிருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவான். "நீ இருக்கறதாலதான்க்கா நான் இங்க நிம்மதியா தூங்குறேன்" என்பான். நல்ல பையன். அவனை இதில் இழுக்க வேண்டாம்.

எல்லாம் மறந்தவருக்கு ஓடுபாதை மட்டும் மறக்கவில்லை. "பாப்பா, நம்ம பாதைய ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாமா?" என்று தினமும் கேட்பார். பெற்ற மகள் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? ஏற்பாடு செய்தேன். மழைக்கு முந்தைய கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அப்போது வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும்.

அந்த ஏழு நாளும் அவர் சந்தோஷமாக இருந்தார். விருந்தினர் விடுதி ஓடுபாதையின் ஒரு முனையில், மரங்களுக்குப் பின்னால் இருந்தது. காலையில் எழுந்ததும் பாதையில் இறங்கி, குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

"பெரியவரே, நீங்க இருந்தா எனக்கு வேலையே இல்லை. என் சம்பளத்த வாங்கிக்கறீங்களா?" என்று காவலாளி சீண்டினார்.

"சம்பளம் நீயே வெச்சுக்கோ. ரோலர் சாவிய மட்டும் குடு" என்றார் அப்பா.

நானும் சிரித்தேன். இவரைத் திரும்பவும் பூட்டிய வீட்டுக்கு ஏன் கொண்டுபோக வேண்டும் என்று அந்த வாரத்தில்தான் எனக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை கடைசிப் படகு கிளம்பியது. காவலாளி தயங்கினார். "நாளைக்கு நான் இருந்து ரெண்டு பேரையும் ஏத்தி விடட்டுமாம்மா?"

"நீங்க கிளம்புங்கண்ணே. கடல் மோசமாகறதுக்குள்ள போய்ச் சேருங்க. அப்பாவ நான் பாத்துக்கறேன்."

அவர் பிள்ளைகுட்டிக்காரர். அந்தக் கவலையில்தான் சொன்னேன்.

புதன்கிழமை விமானச் சத்தம் கேட்டதும் அப்பாவிடம், "விமானி வர்றாருப்பா. டீ போட்டு வைங்க, கூட்டிட்டு வர்றேன்" என்றேன். தனக்கு ஒரு வேலை கொடுத்ததில் அவருக்குப் பெருமை. மூன்று டம்ளர் எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

"அப்பா எங்கம்மா?" என்று விமானி கேட்டார்.

"நேத்தே படகுல போயிட்டார். பிளேன் குலுங்கறது அவருக்கு ஒத்துக்கலை."

அவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார், தலையாட்டினார். படகுக்காரர்களைப் பொறுத்தவரை அப்பா விமானத்தில். விமானிக்கு அவர் படகில். மேலே எழும்பும்போது கீழே பார்த்தேன். அப்பா விடுதி முற்றத்துக்கு வந்து, இரண்டு கையையும் தூக்கி, விமானத்துக்கு வழிகாட்டுகிறவர்போல அசைத்துக்கொண்டிருந்தார். விமானி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் இல்லாமல் விட்டுவிட்டு வரவில்லை, ஐயா. பத்து நாள் மாத்திரை, இருபது நாளுக்கு அரிசி, இரண்டு டின் பிஸ்கட். தொட்டி நிறையத் தண்ணீர். குழாயை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்துவிடலாம், அதட்ட ஆளில்லை.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. தம்பி கேட்கும்போதெல்லாம், "இப்பதான் தூங்கினார்" என்றேன். பன்னிரண்டு ஞாயிறு. அவனும் எழுப்பச் சொல்லவில்லை. வீட்டில் குழாய் ஓடும் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் மூடித்தான் இருக்கும். மாலையில் பூட்டைத் திறந்த பிறகு கதவை இன்றைக்கும் மெதுவாகத்தான் தள்ளுகிறேன். அந்தப் பக்கம் நிற்பவர்மேல் பட்டுவிடக் கூடாதே.

மழை விட்டதும் பாதையைச் சீர்செய்யக் காவலாளி போனார். அவர் உங்களிடம் சொன்னதை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். மழையில் முழங்கால் உயரம் புல் வளர்ந்திருந்ததாம். ஆனால் விடுதிப் பக்கமிருந்து பாதி ஓடுபாதைவரை வெறுங்கையால் பிடுங்கி, ஓரமாகக் குவித்திருந்ததாம். விமானம் இறங்க வேண்டும் அல்லவா. எங்கே புல் மிச்சமிருந்ததோ, அங்கே கிடந்தாராம். ஒரு கிழவருக்கு அவ்வளவு தூரம் பிடுங்க எத்தனை நாளாகும் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது, ஐயா. நான் இருபது நாளுக்குத்தான் அரிசி வைத்தேன்.

தீவில் அவர் சந்தோஷத்தைப் பார்த்த பிறகுதான் மனது மாறியது என்று சொன்னேன். இப்போது நீங்கள் விமானத்தில் இடம் பதிவுசெய்த தாளை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். போக இருவர், திரும்ப ஒருவர். தேதி, புறப்பட்டதற்கு ஏழு வாரம் முன்னால். கையெழுத்து என்னுடையதுதான், மறுக்கவில்லை. எழுதுவதை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். போகும்போது அப்பாவுக்கு ஜன்னலோர இருக்கைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். அதுவும் அதே தாளில்தான் இருக்கிறது.